பெரியவங்களுக்கு வெப்சைட்ல எழுத்து தெரியலன்னா அது கண்ணோட கோளாறு மட்டும்தானா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

காவிரிக்கரை:
அப்பாவுக்கு 74 வயசு, ரிட்டயர்டு வாத்தியார். கரண்ட் பில்லு, கேஸ் புக்கிங், பென்ஷன் ஏறிடுச்சான்னு பாக்குறது எல்லாம் அவரே கம்ப்யூட்டர்ல பண்ணிக்குவார், யார்கிட்டயும் கேக்க மாட்டார், அதுல அவருக்கு ஒரு பெருமை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ "கண்ணு மங்கிடுச்சுப்பா, எழுத்தே பிடிபடல"ன்னார். விசாரிச்சா ரெண்டு மாசமா வெயில்ல நடந்து பேங்குக்குப் போய் பாஸ்புக் என்ட்ரி போட்டுட்டு வந்திருக்கார். கண் டாக்டரையும் பாத்திருக்கார், பவர் லேசாத்தான் மாறியிருக்கு, புதுக் கண்ணாடியும் வாங்கியாச்சு, அப்பவும் அதே கதை. ஆனா பேப்பர் படிக்கிறார், பஞ்சாங்கத்துல இருக்குற பொடி எழுத்தைக்கூட ஜன்னல் பக்கம் வெச்சுப் படிச்சிடுறார்! அதான் எனக்கு இடிச்சுது. சிஸ்டத்தைத் திறந்து பாத்தா பேங்க்காரங்க சைட்டையே முழுசா மாத்தியிருக்காங்க. பாக்க அம்சமாத்தான் இருக்கு, நிறைய வெள்ளை இடம், பெரிய போட்டோ, ஆனா பேலன்ஸ் தொகை இளஞ்சாம்பல் கலர்ல மெலிசா இருக்கு, யூசர் ஐடி அடிக்கிற கட்டத்துக்கு ஓரக்கோடே இல்ல, உள்ள என்ன அடிக்கணும்னு மங்கலா எழுதியிருக்கு, ஒரு எழுத்து அடிச்சதும் அதுவும் மறஞ்சிடுது. மாறுனது சைட்டு, அவர் சந்தேகப்பட்டது தன் கண்ணை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

பிக்சல்கோவை:
சார், நான் 18 வருஷமா வெப் டிசைன் பண்றேன், இப்ப வயசு 44, எனக்கும் வெள்ளெழுத்து வந்தாச்சு. நாப்பதைத் தாண்டுனா கண்ணுல இருக்குற லென்ஸ் இறுகிப்போகும், கிட்டத்துல ஃபோகஸ் ஆகாது, இது எல்லாருக்கும் வர்றதுதான். வெளியில அதிகம் பேசாத விஷயம் இன்னொன்னு இருக்கு, வயசாக ஆக கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும், அதனால 60 வயசுல விழித்திரைக்குப் போய்ச்சேர்ற வெளிச்சம் 20 வயசுல போனதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான். அதுக்குக் கண்ணாடியில பவர் கிடையாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தைக் கூட்டுனாத்தான் உண்டு.

வெப்சைட்டுக்கெல்லாம் தரம் வகுக்குற டபிள்யூ3சிங்கிற உலக அமைப்பு வெச்சிருக்குற விதிப்படி சாதாரண சைஸ் எழுத்துக்கு இந்த வித்தியாசம், அதாவது கான்ட்ராஸ்ட், குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், இது 2008லயே வந்த விதி. வெள்ளை மேல 999999ங்கிற கோடு நம்பர் உள்ள சாம்பல் கலர் போட்டா 2.8 தான் வரும். 767676 போட்டா பாஸ், 595959 போட்டா 7ஐத் தொடும், அதுவும் சாம்பல்தான், டிசைனோட அழகு துளியும் கெடாது. சைட் நல்லா இருக்கா பெரியவங்க படிக்கலாமான்னு ஏதோ ஒண்ணை விட்டுக்குடுக்கணுங்கிற மாதிரியே எங்க ஃபீல்டுல பேசுவாங்க, பெரும்பாலான இடத்துல அப்படி ஒரு சண்டையே கிடையாது. நாங்க 27 இன்ச் மானிட்டர்ல, ஏசி ரூம்ல, நல்ல கண்ணோட உக்காந்து கலர் எடுக்குறோம், அதான் காரணம். நானும் அப்படித்தான் பண்ணேன், மொபைல்ல ரெண்டு விரலால பெருசு பண்றதைக்கூட கோட்ல தடுத்து வெச்சிருந்தேன், லேஅவுட் கலையக்கூடாதுன்னு. என்னோட பழைய சைட் ஒன்னை என்னாலயே படிக்க முடியாம போன அன்னைக்குத்தான் அந்த வரியை எடுத்தேன். எழுத்து சைஸையும் பிக்சல்ல பூட்டாம, பிரவுசரோட எழுத்து சைஸை வெச்சுக் கணக்காகுற ரெம்ங்கிற அளவுல குடுக்குறேன், பிரவுசர்ல பெருசா வெச்சிருக்குறவங்களுக்கு அதுவும் சேந்து பெருசாகும்.

மெய்ப்புக்காரன்:
பத்திரிகையில 30 வருஷம் புரூஃப் பாத்தவன் நான். இங்கிலீஷுக்குப் போதுற சைஸ் தமிழுக்குப் போதாது, இதைச் சொன்னா யாரும் காதுல வாங்குறதில்ல. விடு, வீடு ரெண்டுக்கும் நடுவுல ஒரு குட்டிச் சுழிதான் வித்தியாசம். எரி, ஏரின்னா கீழ ஒரு சின்னக் கோடு. கொடு, கோடுன்னா கொம்புல ஒரு சுழி. மெய்யெழுத்துக்குப் புள்ளிதான் உயிர், மெலிசான ஃபான்ட்ல 14 பிக்சல்ல வெச்சா முதல்ல காணாமப் போறது அந்தப் புள்ளிதான். இளவட்டங்க வார்த்தையோட மொத்த உருவத்தை வெச்சு ஊகிச்சுப் போயிடுவாங்க, எங்களுக்கு ஒவ்வொரு வரியிலயும் தடுக்கும். எனக்கு 18 பிக்சல் இருந்தா நிம்மதி, வரிக்கு வரி இடைவெளியும் தாராளமா வேணும், இல்லன்னா மேல் வரியில இருக்குற கூ, மூவோட வாலும் கீழ் வரியில இருக்குற புள்ளியும் ஒட்டிக்குது.

அம்மாவோட பொண்ணு:
எழுத்தை எல்லாம் கன்னங்கரேல்னு ஆக்கிட்டா சரியாயிடும்னு மட்டும் நினைக்காதீங்க. எங்கம்மாவுக்குக் கண்புரை, ஆபரேஷன் இன்னும் பண்ணல, பளீர் வெள்ளைத் திரையைப் பாத்தா கண்ணு கூசுது, கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்து வர்ற டார்க் மோட்தான் அவங்களுக்கு ஆறுதல். எனக்கு சிலிண்டர் பவர், அதே டார்க் மோட்ல எனக்கு எழுத்தெல்லாம் கசிஞ்ச மாதிரி தெரியுது. ஒரே வீட்டுல ரெண்டு கண்ணு ரெண்டு விதம். மாத்திக்கிற பட்டனை எங்கயோ மெனுவுக்குள்ள ஒளிக்காம மேல கண்ணுல படுற மாதிரி வைங்க, போதும்.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு கன்ட்ரோலும் பிளஸ்ஸும் சேத்து அமுக்கக் கத்துக்குடுத்துட்டேன், 150 சதவீதத்துல வெச்சுப் படிக்கிறார், நியூஸுக்கு வெறும் எழுத்தை மட்டும் காட்டுற ரீடர் மோட் போட்டுக்குறார், விளம்பரமே இல்லாம வருதேன்னு ஒரே சந்தோஷம். பேங்க் சைட் மட்டும் 150ல வெச்சா மேல் மெனு பாதித் திரையை மறைச்சிடுது, லாகவுட் பட்டன் வெளிய ஓடிடுது. பிக்சல்கோவை சொன்ன கலர் நம்பரெல்லாம் போட்டு ஸ்க்ரீன்ஷாட்டோட அவங்களுக்கு ஒரு மெயில் அனுப்பிருக்கேன். டிஜிட்டல் சேவையை எல்லாரும் அணுக முடியுறது அரசியல் சாசனம் 21வது பிரிவு தர்ற வாழ்வுரிமையில சேரும்னு 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேத்து எழுதினேன், அது கேஒய்சி பண்ண முடியாத பார்வை இல்லாதவங்களும் ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் போட்ட வழக்கு, ஆனா எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கும் அது பொருந்தும்னுதான் நான் நினைக்கிறேன். மெயிலை அப்பாவே ஒரு தடவை படிச்சு ரெண்டு சந்திப்பிழை திருத்திக் குடுத்தார். பதில் வந்ததும் இங்க போடுறேன்.