என் முகவரியிலிருந்தே வைரஸ் மெயில், ஆனால் சென்ட் பாக்ஸில் எதுவும் இல்லை

கணக்குப்பிள்ளை:
வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "நீங்கள் அனுப்பிய பில் திறக்கவே மாட்டேன் என்கிறது" என்றார். நான் எந்த பில்லும் அனுப்பவில்லை. அவர் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் எங்கள் கம்பெனி டொமைன் முகவரி எழுத்து பிசகாமல் இருக்கிறது. கூடவே ஒரு ஜிப் ஃபைல், அதற்கான பாஸ்வேர்டும் மெயிலிலேயே இருக்கிறது. என் கணக்குக்குள் யாராவது புகுந்துவிட்டார்களா?

வயர்மேன்:
புகாமலும் இதைச் செய்யலாம். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-இல் வந்தது, அனுப்புநர் இடத்தில் யார் பெயரைப் போட்டாலும் அது கேள்வி கேட்காது, தபால் உறையின் பின்பக்கம் யார் முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அப்படித்தான். சென்ட் பாக்ஸ் காலியாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், உள்ளே வந்தவன் அழித்துவிட்டும் போகலாம். அவரிடம் ஒரிஜினல் மெயிலைக் கேளுங்கள், சும்மா ஃபார்வர்டு செய்தால் ஹெடர் (மெயில் எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்ற குறிப்பு) போய்விடும். அவர் ஜிமெயிலில் பார்க்கிறார் என்றால் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போனால் அனுப்புநர் நிஜமானவர்தானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா), டிகிம் (டொமைன் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவை அனுப்புநர் முகவரியோடு ஒத்துப்போகிறதா) ஆகிய சோதனைகளின் முடிவுகள் மேலேயே தெரியும்.

பழைய_பென்டியம்:
2002 வாக்கில் கிளெஸ் என்ற வைரஸ் இதே வேலையைத்தான் செய்தது. யாரோ மூன்றாவது ஆளின் கணினியில் புகுந்து, அதிலிருக்கும் முகவரிகளில் ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் போட்டு அனுப்பிவிடும், திட்டு மட்டும் சம்பந்தமில்லாதவருக்கு. உங்கள் இருவருக்கும் பொதுவான ஆடிட்டர், டிரான்ஸ்போர்ட் யாராவது இருந்தால் அவர்களையும் விசாரியுங்கள்.

நிலா_சென்னை:
எல்லாரும் அனுப்பியவரையே பார்க்கிறீர்கள், அந்த வாடிக்கையாளர் ஜிப்பைத் திறந்திருக்கிறாரே! பாஸ்வேர்டு போடுவதே ஸ்கேனர் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்குத்தான். உள்ளே 'பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்று இருந்தாலும் விண்டோஸ் கடைசித் துண்டை மறைத்து பிடிஎஃப் மாதிரியே காட்டும். "திறக்க மாட்டேன் என்கிறது" என்றால் அது பின்னணியில் ஓட ஆரம்பித்திருக்கலாம். உடனே அவரை நெட்டைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பேங்க் பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றட்டும், அந்தக் கணினியிலிருந்து கூடவே கூடாது.

கணக்குப்பிள்ளை:
சொல்லிவிட்டேன் மேடம், சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரிஜினலும் வந்தது. எஸ்பிஎஃப் பாஸ் என்கிறது, ஆனால் பக்கத்தில் ஏதோ தெரியாத டொமைன். டிகிம் இல்லை. எங்கள் டொமைனுக்கு டிமார்க் ரெக்கார்டே கிடையாது.

வயர்மேன்:
அப்படியானால் உங்கள் சர்வரிலிருந்து போகவில்லை. எஸ்பிஎஃப் பார்ப்பது ரிட்டர்ன் பாத்தில் (மெயில் போய்ச் சேராவிட்டால் தகவல் திரும்பும் முகவரி) இருக்கும் டொமைனை, நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியை அல்ல, அவன் சொந்த டொமைனைக் காட்டி பாஸ் வாங்கியிருக்கிறான். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது டிமார்க்தான், அதைப் போடுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் ஒத்துப்போகாத மெயிலைத் திருப்பிவிடச் சொல்லும் 'ரிஜெக்ட்' (reject) வேண்டாம், முதலில் எதையும் தடுக்காத 'நன்' (none) வைத்து ரிப்போர்ட் வரட்டும். உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் உங்கள் பெயரில் மெயில் அனுப்புகிறது என்றால் அதையும் எஸ்பிஎஃப், டிகிமில் சரியாகச் சேர்த்த பிறகு இறுக்குங்கள், இல்லாவிட்டால் நிஜமான பில்லும் போகாது.