ரொக்குகானை டி20 விதிகளுக்கு மாற்றினால் எது மிஞ்சும், எது போகும்?

கேள்வி – எழுதியவர்: கொக்குக்குலத்தான்

சாமுராய்க் கதைகளைப் பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டான லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ் நான்காம் பதிப்பு வெளிவந்த 2010ஆம் ஆண்டிலிருந்து, அதன் கற்பனை நாடான ரொக்குகானில், கதையை நடத்தும் கேம் மாஸ்டராக இருந்து வருகிறேன். இப்போது நடந்துகொண்டிருக்கும் கதைத்தொடரில் குளிர்கால அரசவை முடியும் தறுவாயில் இருக்கிறோம். கொக்குக் குலத்து இளம் வாள்வீரர் ஒருவருக்கும் சிங்கக் குலத் தளபதியின் மகனுக்கும், பனி உருகியதும் துவந்த யுத்தம் என்று நாள் குறித்தாகிவிட்டது.

இந்த நேரத்தில், குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர், எட்ஜ் ஸ்டுடியோ 2022இல் வெளியிட்ட 'அட்வென்ச்சர்ஸ் இன் ரொக்குகான்' நூலுக்கு மாறிவிடலாம் என்கிறார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் டி20 விதிகளை, அதாவது இருபதுபக்கப் பகடையை உருட்டும் விதிகளை, அடிப்படையாகக் கொண்ட நூல் அது என்பதால், அவர்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. அவர்களுடைய ஆசையில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஏழு குலங்களும், நண்டுக் குலம் காவல் காக்கும் பெருஞ்சுவரும், அதற்கு அப்பாலுள்ள நிழல்நிலமும் அப்படியே இருக்கும்போது, பகடை மாறினால் மட்டும் உலகம் மாறிவிடுமா? இரண்டு விதிகளிலும் ஆடிப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – எழுதியவர்: நண்டுக்குலக் காவலர்

மாறிவிடும் என்றுதான் சொல்வேன். அதற்கு உங்கள் துவந்த யுத்தமே போதுமான சான்று.

நான்காம் பதிப்பில் அந்த வாள்வீரரின் நில வளையம் (ஐந்து பூத வளையங்களில் ஒன்று; காயத்தைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) 2 என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 காயப் புள்ளிகள் வரை அவருக்குத் தடை எதுவும் இல்லை. அதன்பின் நான்கு நான்கு புள்ளிகளுக்கு ஒரு படி இறங்கிக்கொண்டே போவார். 38 புள்ளிகளோடு எல்லாம் முடிந்துவிடும். எதிரியின் பலம் 3 என்றால், கட்டானா வீச்சுக்கு ஆறு பத்துப்பக்கப் பகடைகளை உருட்டி, உயர்ந்த இரண்டை வைத்துக்கொள்வார். பத்து விழுந்த பகடையை மீண்டும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், ஒரே வீச்சில் 20 புள்ளி சேதம் வருவது அதிசயம் அல்ல. 20 விழுந்தால், அதன்பிறகு அவர் எதைச் செய்ய முயன்றாலும் இலக்கு எண்ணில், அதாவது வெற்றிக்குப் பகடை எட்ட வேண்டிய எண்ணில், 10 கூடிவிடும். ஆகவே முதல் வீச்சு யாருடையது என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. அதனால்தான் அந்தப் பதிப்பில் துவந்த யுத்தத்தை எடைபோடுதல், மனம் குவித்தல், வாள் வீசுதல் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். வாள் உறையைவிட்டு வெளிவருவதற்கு முன்பே நீண்ட நேரம் இருவரும் அசையாமல் நிற்பார்கள். மேசையைச் சுற்றி இருப்பவர்களும் மூச்சுவிட மறந்திருப்பார்கள்.

டி20 பக்கம் வாருங்கள். உடல்திறன் 14 உள்ள பத்தாம் நிலைப் போர்வீரருக்கு, நிலைக்கு நிலை சராசரியை எடுத்தால், 84 உயிர்ப்புள்ளிகள் இருக்கும். ஒரு வாள்வீச்சு சராசரியாகப் பத்துப் புள்ளிகளைத்தான் பறிக்கும். எட்டு வெட்டு வாங்கியும் நிமிர்ந்து நிற்கும் ஒருவருக்கு, அவமதிப்பை விழுங்கிக்கொள்வதா, வாளை உருவுவதா என்ற தயக்கம் எதற்கு வர வேண்டும்? மரணம் அருகில் இருந்தால்தான் ரொக்குகானில் நாகரிகமான பேச்சுக்கு எடை உண்டு. எண்ணை மாற்றியதும் அந்த எடை போய்விடுகிறது.

பதில் – எழுதியவர்: அலைமனிதன்

காவலர் சொல்லும் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த மாற்றம் ஏதோ முதன்முறையாக நடப்பதுபோல் பேசுவது சரியாகாது. 2001இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட 'ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்' நூலில் ரொக்குகான்தான் களமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதன்பின் சில ஆண்டுகள், இந்த விளையாட்டை வெளியிட்டுவந்த ஆல்டெராக் நிறுவனத்தின் நூல்களில் இரண்டு விதிகளுக்கும் உரிய எண்கள் சேர்ந்தே அச்சாகி வந்தன. 2005இல் மூன்றாம் பதிப்பு பத்துப்பக்கப் பகடைகளை உருட்டி, சிலவற்றை வைத்துக்கொள்ளும் பழைய முறைக்கே திரும்பியது.

நான் அந்த 2001 வாசல் வழியாக உள்ளே வந்தவன். டி20 தவிர வேறு விதியே தெரியாத எனக்கு, கிரேன் (கொக்கு), ஸ்கார்பியன் (தேள்) என்ற குலப் பெயர்களே அதற்குமுன் அறிமுகமில்லை. இரண்டு பத்திகளாக எண்கள் அச்சிட்ட ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் புரியாத அந்த இன்னொரு பத்தி என்னதான் சொல்கிறது என்ற ஆர்வம் தொற்றி, பழைய விதிகளைத் தேடிப் படித்தேன். அந்தக் கதவு மூடியிருந்தால் இன்று இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். புதிதாக வந்த இருவரையும் விரட்டிவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

பதில் – எழுதியவர்: தேள்முகமூடி

இருவரும் உயிர்ப்புள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள். போனால் ஈடுகட்ட முடியாதது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபேண்டஸி ஃப்ளைட் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குறியீடுகள் அச்சிட்ட தனிப் பகடைகளைப் பார்த்து அன்று நானும் கோபப்பட்டேன். எண் இல்லாத பகடையை எப்படி நம்புவது என்று வாதாடினேன். ஆடிப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. அங்கே நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதோடு, எந்த மனநிலையில் செய்கிறீர்கள் என்பதையும் விதி கேட்கிறது. ஒரே பொய்யைக் காற்று வளையத்தால் நயமாகவும் சொல்லலாம், நெருப்பு வளையத்தால் கனல் தெறிக்கவும் சொல்லலாம். வளையம் மாறினால் இலக்கு எண்ணும் மாறக்கூடும். சில பகடைகளில் வெற்றிக் குறியோடு மனக்கொந்தளிப்பின் குறியும் சேர்ந்தே விழும். வெற்றி வேண்டுமானால் கொந்தளிப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது நிதானத்தின் அளவைத் தாண்டிவிட்டால், முகமூடி கழன்று, சபை நடுவே உங்கள் பாத்திரம் அழுதோ சீறியோ விடும்.

கடமைக்கும் உள்ளத்து ஆசைக்கும் இடையிலான போராட்டம்தான் இந்த உலகத்தின் நெஞ்சு. அதை ஆட்டக்காரரின் கையில் பகடையாகவே கொடுத்த விதி அது. டி20 நூலில் அரசவையாளருக்கும் துவந்த வீரருக்கும் தனி வகுப்புகளைத் தந்திருக்கிறார்கள், நல்ல முயற்சிதான். ஆனால் இருபதுபக்கப் பகடை, காரியம் நடந்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

என் யோசனை இது: நடந்துகொண்டிருக்கும் தொடரை இடையில் மாற்றாதீர்கள். புதியவர்களுக்காகப் பெருஞ்சுவரில் நடக்கும் ஒரு சிறு கதையை டி20இல் தனியாக நடத்துங்கள். நிழல்நிலத்து அரக்கர்களோடு இரவு முழுக்கப் பொருதி, வெட்டுப்பட்டும் விழாமல் நிற்கும் கதைக்கு அந்த 84 புள்ளிகள் மிகவும் பொருத்தமானவை.

மறுமொழி – எழுதியவர்: கொக்குக்குலத்தான்

மூவருக்கும் நன்றி. காவலரின் கணக்கைக் குழுவினரிடம் படித்துக் காட்டினேன். மாற வேண்டும் என்று கேட்ட இருவரில் ஒருவர், "அப்படியானால் இந்தச் சண்டை ஒரே வீச்சில் முடிந்துவிடுமா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, வாள்வீரருக்குத் துணையாக நிற்கும் சாட்சியின் பாத்திரத்தைத் தனக்குத் தரும்படி அவரே கேட்டுக்கொண்டார்.

ஆகவே துவந்த யுத்தம் நான்காம் பதிப்பிலேயே நடக்கும். தேள்முகமூடி சொன்னபடி பெருஞ்சுவர்க் கதையை அதன்பின் டி20 விதிகளில் தொடங்குகிறோம்; புதியவர்கள் இருவரும் நண்டுக் குலத்துப் புஷிகளாக (போர்வீரர்களாக) வருகிறார்கள், அதற்கு அவர்களே மாறி மாறி கேம் மாஸ்டராகவும் இருப்பார்கள். அலைமனிதன் குறிப்பிட்ட அந்த இரண்டு பத்தி எண்கள் அச்சிட்ட நூல் ஒன்று என் அலமாரியிலும் இருக்கிறது. அதை அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.