பொருள்: மேசரேஷன் = தோலூறல்?

குழுவினருக்கு வணக்கம்.

ஜார்ஜிய நாட்டு வைன்கள் பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் தேவை. பிழிந்த சாற்றில் திராட்சைத் தோலைக் கிடக்கவிட்டு நிறமும் துவர்ப்பும் இறங்கச் செய்வதுதான் மேசரேஷன். "தோலூறல்" எனலாமா? வெள்ளைத் திராட்சையை இப்படி ஊறவிட்டால் வைன் அம்பர் நிறமாகும்.

கிழக்கே காகெத்தியில் ர்காட்சிதெலி திராட்சையைத் தோல், கொட்டை, காம்போடு, மண்ணில் புதைத்த க்வெவ்ரித் தாழியில் ஐந்தாறு மாதம் விடுவார்கள். மேற்கே இமெரெத்தியில் சிட்ஸ்கா, சோலிகௌரி வகைகளுக்குத் தோலில் ஒரு பங்குதான் சேரும். காம்பு பெரும்பாலும் கிடையாது, காலமும் குறைவு. புதிதாகச் சுவைப்பவர் இமெரெத்தியில் தொடங்குவதே நல்லது. காகெத்தித் துவர்ப்பு எடுத்த எடுப்பில் நாக்கை இழுத்துப் பிடிக்கும்.

———

> "தோலூறல்" எனலாமா?

ஐயா, "ஊறல்" என்றாலே நாளிதழில் போலீசார் அழிக்கும் சாராய ஊறல்தான். கேலிக்குச் சொல்லவில்லை. அந்த ஊறல் நொதித்துக்கொண்டிருக்கும் கலவை. இங்கோ ஊறுவதும் நொதிப்பதும் வேறு வேறு. காகெத்தியில் நொதிப்பு சில வாரங்களில் அடங்கிவிடும், மிச்ச மாதங்கள் வெறும் ஊறல். சொல் இதைக் காட்ட வேண்டாமா? அதற்காகத் "தோல்தொடர்பு" என்று போய்விடாதீர்கள், மருத்துவமனை வாடை அடிக்கிறது.

———

அப்படியானால் தோலூறலைப் பொதுச்சொல்லாக வைத்து மூன்றாகப் பிரிப்போம்: முன்னூறல், உடனூறல், பின்னூறல்.

முன்னூறல், நொதிக்கும் முன் குளிரில் ஊறுவது. உடனூறல், நொதிக்கும்போதே ஊறுவது; அதில் தோல் மேலே மிதந்து படையாகக் கட்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை கழியால் அமுக்காவிட்டால் அது காய்ந்து, காற்றுப்பட்டு, காடி வாடை ஏறும். பின்னூறல், நொதிப்பு அடங்கியபின் ஊறுவது; அதில் நொதிப்பில் எழும் கரியமில வாயுவின் காப்பு போய்விடும். தாழியைக் கழுத்துவரை நிரப்பி மூடியைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். கொட்டைகள் தாழியின் கூரான அடியில் இறங்க, மேலே வண்டல் படியும். அதனால் கொட்டைக் கசப்பு வைனில் அதிகம் கலப்பதில்லை.

———

பிரிவு சரி, ஏற்கிறேன். "படை" மட்டும் வேண்டாம்: தோலும் படையும் சேர்ந்தால் சொறி, சிரங்குக் களிம்பு விளம்பரம்! தயிருக்குச் சொல்வதுபோல் "ஏடு" போதும். தோலும் காம்பும் சேர்ந்த சாச்சாவுக்குச் "சக்கை" இருக்கவே இருக்கிறது.

கட்டுரையில் பரிமாறும் வெப்பநிலையையும் சேருங்கள். நெடுநாள் தோலூறிய வைனுக்கு 12–14 டிகிரி செல்சியஸ் பொருந்தும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் எழும்பாது, துவர்ப்பு மட்டும் முரட்டுத்தனமாக நிற்கும்.