வாட்ச்ல டீப் ஸ்லீப் 35 நிமிஷம்தான் காட்டுது, பயப்படணுமா?

மதுரைக்காரி:
அம்மாவுக்கு 61 வயசு, போன மாசம் ஒரு ஃபிட்னஸ் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன், தினமும் காலைல எழுந்ததும் அதைத்தான் முதல்ல பாக்குறாங்க. டீப் ஸ்லீப் 35, 40 நிமிஷம்னு காட்டுறதால தனக்கு ஏதோ நோய்னு கவலைப்பட்டே இப்ப தூக்கம் இன்னும் கம்மியாயிடுச்சு. இதை எவ்வளவு நம்பலாம்?

ராத்திரி ட்யூட்டி:
சகோதரி, வாட்ச் மூளையைப் பாக்குறதில்ல. பச்சை லைட் அடிச்சு ரத்த ஓட்டத்துல துடிப்பைப் பாக்குது, கை அசையுதான்னு பாக்குது, அதை வச்சு கணக்குப் போட்டுச் சொல்ற ஊகம்தான் டீப் ஸ்லீப். தூக்க லேப்ல தலையில எலக்ட்ரோடு ஒட்டி எடுக்குற டெஸ்ட்தான் சரியா சொல்லும். அதோட வயசு ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறையுறது சகஜம். எத்தனை மணிக்குப் படுத்தாங்க, எழுந்தாங்கங்கிறதை மட்டும் பாருங்க, அது ஓரளவு சரியா இருக்கும்.

சேலம் வாசி:
அம்மா குறட்டை விடுறாங்களா? தூக்கத்துல மூச்சு நின்னு திணறி எழுந்தா, பகல்ல அசந்து அசந்து தூங்கினா, வாட்ச் என்ன சொன்னாலும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எங்க அப்பாவுக்கு இதைக் கவனிக்காம ரெண்டு வருஷம் விட்டுட்டோம், அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

நடைப்பயணி:
தூக்கக் கணக்கு மாதிரியே, தினம் 10,000 ஸ்டெப் நடக்கணும்ங்கிறதும் கட்டாயம் இல்லீங்க, அது 1965ல ஜப்பான்ல விற்ற ஒரு பெடோமீட்டர் (நடக்குற அடியை எண்ணுற கருவி) பேர்லேர்ந்து வந்த நம்பர். அம்மாவால முடிஞ்ச அளவு நடக்கட்டும்.

மதுரைக்காரி:
குறட்டை இருக்கு அண்ணா, இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன். ராத்திரி வாட்சைக் கழட்டி வைக்கச் சொல்லிட்டேன்.