நுளம்பு வலை ஆருட்ட இரிக்கு?

குட்டித்தம்பி: சனிக்கிழமை நூலகத்துல நாடகம். வெள்ளை நுளம்பு வலை ரெண்டு வேணும். பழசெண்டாலும் பரவால்ல

பெரியம்மா: என்ன நாடகம் மனே

குட்டித்தம்பி: 2080ல நடக்கிற கதை பெரியம்மா. சிப்பாய்ட தலைக்கவசம் எதிரிட முகத்த மாத்திப் பேயாக் காட்டும்

ரவி மாமா: 2080 எதுக்கு? அமெரிக்க இராணுவம் 2021லயே மைக்ரோசொப்ட்டோட ஒப்பந்தம் போட்டுட்டு, கண்ணாடித் திரையுள்ள கவசத்துக்கு. போட்டுப் பாத்த சிப்பாய்களுக்குத் தலையிடி, குமட்டல். பேயும் வேணாம், முகத்த எடுத்தாக் காணும். வெப்பக் கமெராவுல இப்பவே அப்பிடித்தான். 8 தொடக்கம் 14 மைக்ரோமீற்றர் அலைநீளம், உடம்புச் சூட்டத்தான் பாக்கும். தூரத்துல ஆள் வெள்ளைக் கட்டி. சிரிக்கானா அழுறானா விளங்காது. கண்ணாடி யன்னலுக்குப் பின்னால நிண்டா ஆளே இல்ல, கண்ணாடி அந்த அலைய விடாது.

சீலன் சித்தப்பா: தொடங்கிட்டார்

ரவி மாமா: முடியல்ல இன்னும். கதை பொழுதுபடக்குள்ள உடையோணும். மேல்தோல் 33, 34 பாகை. பகல் முழுக்கக் காய்ஞ்ச மணல் ஆறி வாற நேரம் ரெண்டு சூடும் ஒண்டாகும். மறுகா திரை முழுக்க ஒரே சாம்பல். கவசத்தக் கழட்டித்தான் பாக்கோணும் அவன்.

குட்டித்தம்பி: மாமா சூப்பர்

பெரியம்மா: கழட்டுறது கிடக்கட்டும் ரவி. சடங்குக்குக் கொண்டுபோன என்ட கிடாரம் எங்க?

ரவி மாமா: சீலன்ட வீட்ட

சீலன் சித்தப்பா: வேலிக்கு அங்கால எது காணாமப் போனாலும் நான்தான்

சுதா மச்சாள்: அப்பா வேலிக்கதை வேணாம்

குட்டித்தம்பி: மாமா, மேடையில முகம் மறையவும் வேணும், தெரியவும் வேணும். எப்பிடி?

ரவி மாமா: அதுக்குத்தான் வலை. மேடைக்குக் குறுக்க சுருக்கில்லாம இறுக்கிக் கட்டு. ஒரு மடிப்புத்தான். எதிரிகள் 4 அடி பின்னால, வெள்ளைச் சாறன் போர்த்திக்கொண்டு. பின்சீலை கறுப்பு. முன்லைற்ற நேர அடிச்சா வலையால ஊடுருவி மூஞ்சில விழும், எல்லாம் பிழைச்சுப் போகும். பக்கத்தால சரிச்சு அடி. வலை வெள்ளையாகும், சாறன் மங்கலாத் தெரியும், மூஞ்சி தெரியாது. கவசம் கழட்டின கையோட முன்லைற்ற நூத்துப்போட்டு அவங்கட மேல மட்டும் அடி. வலை இல்லாத மாதிரிப் போயிரும்.

சுதா மச்சாள்: ரெண்டு லைற்றையும் ஒரே நேரத்துல ஆர் போடுற?

ரவி மாமா: நீதான்

பெரியம்மா: எந்த நாட்டு ஆமி மனே? நாடு, சீருடை ஒண்டும் வேணாம்

சீலன் சித்தப்பா: நாடில்லாட்டிக் கட்டியக்காரன் வந்து என்னத்தச் சொல்லுற?

குட்டித்தம்பி: ஆள் இல்ல சித்தப்பா, வானொலி. எதிரிக்குப் பேர் வைக்கும்

ரவி மாமா: அது சரி. 1994ல ருவாண்டாவுல வானொலிதான் துட்சி இன ஆக்களக் கரப்பத்தான் பூச்சி எண்டது. அவங்களக் கொல்லுறதுக்குக் கவசம் ஒண்டும் தேவைப்படல்ல.

சீலன் சித்தப்பா: அந்த வரி வேணாம். இஞ்ச வேற மாதிரி எடுப்பாங்க

குட்டித்தம்பி: யோசிக்கிறன்

பெரியம்மா: என்னட்ட வலை கிடக்கு, நீலம்

ரவி மாமா: நீலம் வெளிச்சத்தக் குடிக்கும்

சுதா மச்சாள்: எங்கட வெள்ளை. பிள்ள படுக்கிறது, ஒரு ராவைக்குத்தான் தருவன்

ரவி மாமா: மேடை 12 அடி, ஒண்டு காணாது

சீலன் சித்தப்பா: என்னட்டயும் ஒண்டு இரிக்கு. வேலியால எட்டித் தாறன், ஆளனுப்பு

பெரியம்மா: அப்பிடியே கிடாரத்தையும்