காலி மனைக்காரர்களிடம் மழைக்கால வசூல்: உங்கள் நகரில் எப்படிச் செய்கிறீர்கள்?

மூன்றாம் தெரு எழுதியது:

வணக்கம். ஜி.எஸ்.டி. சாலையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் தாண்டி, மேற்குப் பக்கம் உள்ளே போனால் வரும் மனைப்பிரிவுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். நகர் பெயர் வேண்டாம், எங்கள் ஆட்களும் இங்கே படிப்பார்கள். மொத்தம் 112 மனை. வீடு கட்டி வந்தது 47 குடும்பம். மீதி 65-ம் காலி. சொந்தக்காரர்கள் பெங்களூரு, சார்ஜா, சிங்கப்பூர், கும்பகோணம் என்று இருக்கிறார்கள். அவர்கள் மனையில் சீமைக் கருவேலம் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது.

சித்திரையில் நடந்த பொதுக்குழுவில் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கூட்டத்துக்கு வராதவரைத் தேர்ந்தெடுப்பதுதான் எங்கள் வழக்கம். நான் வந்திருந்தேன், பெயர் சொன்ன நேரத்தில் பஜ்ஜி வாங்கப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் கால்வாய் தூர் வார வேண்டும். நான்காம் தெரு ஓரமாக ஓடி, பஞ்சாயத்துச் சாலைக்கு அடியில் குழாய் வழியாக ஓடையில் சேரும் கால்வாய் அது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் கடைசியில் ஆதனூர் வழியாக அடையாற்றுக்குத்தான் போக வேண்டும், ஆனால் முதலில் எங்கள் நகரை விட்டு வெளியேற வேண்டுமே! தென்னை மட்டை, வண்டல், யாரோ ராத்திரியில் கொட்டிவிட்டுப் போன டைல்ஸ் உடைசல் எல்லாம் சேர்ந்து பாதி அடைத்துக் கிடக்கிறது. ஜே.சி.பி., டிராக்டர், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் கேட்கிறார்கள். 112 மனைக்கும் பிரித்தால் மனைக்கு 340 ரூபாய். 47 வீடு மட்டும் போட்டால் 800-க்கு மேல். "காலி மனைக்காரனுக்கும் சேர்த்து நான் ஏன் அழ வேண்டும்?" என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக் குறி விழுகிறது, பதில் வராது. அதே நபர் இரண்டு வாரம் கழித்து, "மேடம், இப்போ நம்ம பக்கம் சதுரடி என்ன போகுது?" என்று கேட்பார். பேருந்து நிலையம் வந்த பிறகு இந்தக் கேள்வி மட்டும் தவறாமல் வருகிறது.

இன்னொரு தலைவலி, எங்கள் தெருவிலேயே. மூன்று வீடு தள்ளி இருப்பவர் இந்த வருடம் புது கார் வாங்கினார். தரையோடு தரையாகப் போகிற வண்டி. அது ஏற வேண்டும் என்று வாசல் சாய்வை நீளமாக இழுத்து, தெருவோரக் கால்வாயின் மேலேயே கான்கிரீட் போட்டுவிட்டார். அடியில் குழாயும் வைக்கவில்லை. மேலே இருந்து வரும் தண்ணீர் அவர் வாசலில் முட்டி நின்று, அடுத்த மனையில் இறங்குகிறது. ஆனால் நல்ல மனிதர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குக் கரண்ட் போனபோது, தன் இன்வெர்ட்டரில் தெருவில் உள்ள எல்லார் செல்போனையும் வரிசையாக வைத்துச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். எந்த போன் யாருடையது என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பேப்பர் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருந்தார் அவர் மனைவி. நவராத்திரிக்கு எங்கள் நகரிலேயே பெரிய கொலு அவர்கள் வீட்டில்தான். அப்படிப்பட்டவரிடம் நோட்டீஸ் நீட்ட எனக்கு மனசு வரவில்லை.

வசூலுக்குச் சட்டப்படி ஏதாவது வழி உண்டா? சாய்வு விஷயத்தைச் சண்டை இல்லாமல் முடிக்க முடியுமா?


வில்லங்கம் பார்ப்பவன் எழுதியது:

மேடம், முதல் கேள்விக்கு நேரடியான பதில்: கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தாலும், அதன் விதிகள் உறுப்பினராகச் சேர்ந்தவரைத்தான் கட்டுப்படுத்தும். மனை வாங்கியதாலேயே ஒருவர் உறுப்பினர் ஆகிவிட மாட்டார். அடுக்குமாடி என்றால் கதை வேறு. அங்கே நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, படிக்கட்டு, லிப்ட் எல்லாம் எல்லாருக்கும் பொதுச் சொத்து. அதற்கென்று 1994-லும் அப்புறம் 2022-லும் தனிச் சட்டம் வந்தது. உங்களுக்கு அது பொருந்தாது, ஆளுக்கொரு பட்டா வைத்திருக்கிறீர்கள்.

ஆனால் இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பத்திரம் பதிவாகியிருந்தால் தெரியும். பதிவாகியிருந்தால் சாலையோரக் கால்வாயும், பஞ்சாயத்துச் சாலைக்கு அடியில் இருக்கும் குழாயும் ஊராட்சியின் வேலை. நீங்கள் 38,000-ல் ஒரு பைசா போடுவதற்கு முன் மனு ஒன்றைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அடுத்தது அக்டோபர் 2. நகரிலிருந்து இருபது பேராவது போய் உட்கார்ந்து, தூர் வார வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். மழைக்கு முன் செய்வார்களா என்று கேட்காதீர்கள். அடுத்த வருடத்துக்கு அந்தத் தீர்மானம் கையில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. "வீடு கட்ட வரும்போது பிடித்துக்கொள்ளலாம், பாக்கி கட்டினால்தான் மணல் லாரியை உள்ளே விடுவோம்" என்று சில சங்கங்களில் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பொதுச் சாலையில் லாரியை மறித்தால் புகார் உங்கள் பெயரில்தான் வரும். செயலாளர் நீங்கள்.


சார்ஜா மனைக்காரன் எழுதியது:

நீலக் குறி போட்டுவிட்டுப் பதில் சொல்லாத கும்பலில் நானும் ஒருவன் (வேறு நகரில்). அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

முந்நூறு நானூறு ரூபாய் எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை மேடம். "அனைத்து மனை உரிமையாளர்கள் கவனத்திற்கு" என்று ஆரம்பிக்கும் மெசேஜைப் பார்த்ததும் விரல் தானாக மேலே தள்ளிவிடுகிறது. நாங்கள் ஊரில் இல்லாதபோது எங்களுக்கு இருக்கும் பயம் ஒன்றே ஒன்றுதான்: மனையில் நட்ட கல் இருக்கிறதா, பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டு போடும்போது அரை அடி உள்ளே வந்துவிட்டாரா? லீவில் வந்து பார்த்தால் முள்ளுக்குள் போகவே முடியாது. கல்லை எங்கே தேடுவது?

எங்கள் நகரில் போன வருடம் ஒரு புது பொருளாளர் வந்தார். வசூல் கேட்கவே இல்லை. என் மனையின் நான்கு மூலைக் கல்லையும் தனித்தனியாகப் படம் எடுத்து, பக்கத்தில் மனை எண் எழுதிய அட்டையைப் பிடித்து அனுப்பினார். "தம்பி, வடகிழக்கு மூலைக் கல் சாய்ந்திருக்கிறது, நிமிர்த்தி வைத்திருக்கிறோம்" என்று ஒரு வரி. அன்றைக்கு ராத்திரியே மச்சானிடம் சொல்லி மூன்று வருட பாக்கியையும் அனுப்பினேன். என் அறையில் தங்கியிருக்கும் இன்னொருவருக்கும் அதே நகரில் மனை உண்டு. என் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் வரவில்லை?" என்று அவரே பொருளாளரைக் கூப்பிட்டார்.

கணக்கையும் அப்படியே போடுங்கள். "பராமரிப்புச் செலவு" என்று மொத்தமாக எழுதினால் யாருக்கும் நம்பிக்கை வராது. ஜே.சி.பி. எத்தனை மணி நேரம், டிராக்டர் எத்தனை நடை என்று எழுதுங்கள்.


ஓய்வுபெற்ற ஓவர்சியர் எழுதியது:

பணத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் கால்வாய் என்ன அகலம்? இரண்டடிக்குள் என்றால் ஜே.சி.பி.யை உள்ளே விடாதீர்கள். பக்கெட் பட்டுப் பக்கச் சுவர் பெயர்ந்துவிடும், அடுத்த வருடம் அதைக் கட்ட வசூலுக்குப் போவீர்கள். நான்கு ஆள், மண்வெட்டி, பாண்டு போதும். ஜே.சி.பி. ஓடை சேரும் வாயில் மட்டும் வேலை செய்யட்டும். உங்கள் 38,000-ல் கணிசமாகக் குறையும்.

வேலையைக் கீழ் முனையிலிருந்து தொடங்குங்கள். எல்லாரும் தங்கள் வீட்டு வாசலில் தொடங்கச் சொல்லிச் சண்டை போடுவார்கள், காதில் வாங்காதீர்கள். ஓடை வாய், அப்புறம் சாலைக் குழாய், அப்புறம் தெரு என்று மேலே ஏற வேண்டும். மேலே சுத்தம் செய்து கீழே அடைப்பை விட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக வந்து கடைசித் தெருவில் நிற்கும். அள்ளிய வண்டலைக் கரையிலேயே குவிக்காதீர்கள், முதல் மழையில் திரும்ப உள்ளே இறங்கிவிடும். டிராக்டருக்குக் கொடுக்கும் காசு அதற்குத்தான்.

அடுத்தது முக்கியம். முள்ளை வெட்டச் சொன்ன கையோடு "மனையை மண் கொட்டி மேடாக்குங்கள்" என்று யாராவது காலி மனைக்காரர்களுக்கு யோசனை சொல்லியிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுரடி. அதில் 10 செ.மீ. மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். உங்கள் 65 காலி மனையும் ஒரு கிரவுண்டு என்று வைத்துக்கொண்டால் 14 லட்சம் லிட்டர். மனை சாலையைவிடத் தாழ்வாக இருந்தால் இதில் பெரும்பங்கு அங்கேயே நின்று மெதுவாக இறங்கும். கட்டட இடிபாடு கொட்டி இரண்டடி உயர்த்திவிட்டால் அத்தனையும் தெருவுக்கு வரும். காலி மனைக்காரர்கள் சந்தா கட்டவில்லை என்று திட்டுகிறீர்கள், அவர்கள் மனைதான் இத்தனை வருடமாக உங்கள் வாசலைக் காத்திருக்கிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு இந்தக் கணக்கெல்லாம் நிற்காது. வழக்கமாக வரும் 10, 12 செ.மீ. மழைக்கு நிற்கும்.

கார் சாய்வு: உடைக்க வேண்டும், வேறு வழியில்லை. அடியில் குழாய் செருகலாம் என்று மேஸ்திரி சொல்வார். ஆறு அங்குலக் குழாயில் ஒரு தென்னை மட்டை சொருகினால் முடிந்தது, உள்ளே கை விட்டு எடுக்கவும் முடியாது. கால்வாய் அகலத்துக்கு மட்டும் கான்கிரீட்டை வெட்டி எடுத்துவிட்டு, கனமான இரும்புக் கம்பிச் சட்டம் போடச் சொல்லுங்கள். தூக்கி வைக்கிற மாதிரி இரண்டு துண்டாக. கார் ஏறும், தண்ணீரும் போகும், குப்பை சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அளவு எடுக்கும்போது காரின் முன் பம்பர் இடிக்காத சாய்வை அவரையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு உண்மையான கவலை அதுதான், அதைத் தீர்த்துக் கொடுத்தால் மீதிக்கு ஒத்துக்கொள்வார்.


மண்ணிவாக்கம் பாட்டி எழுதியது:

முள் வெட்டப் போகிற பிள்ளைகள் செருப்போடு போகக் கூடாது, பூட்ஸ் போட்டுக்கொண்டு போகட்டும். மழைக்கு முன்னால் புற்றும் பொந்தும் கலையும்போதுதான் பாம்பு வெளியே வரும். சாரைதான் என்று யாரும் வாலைப் பிடிக்க வேண்டாம், தீயணைப்புக்கு 101 அடித்தால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். கடித்துவிட்டால் கீறுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

அப்புறம், கொலு வீட்டுக்குப் போகும்போது தாம்பூலம் வாங்கிய பிறகு பேச்சை எடு அம்மா. முன்னால் எடுக்காதே.


மூன்றாம் தெரு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கல் யோசனை பலித்தது. எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனும் அவன் நண்பனும் பூட்ஸ் போட்டு (பாட்டி, உங்கள் பெயரைச் சொல்லித்தான் போட வைத்தேன்) மனை மனையாக மூலைகளை மட்டும் வெட்டி, அட்டை பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்டுத் தனியாக அனுப்பினேன். பாதிக்கு மேல் பணம் வந்துவிட்டது. சதுரடி விலை கேட்பவர் இரண்டு மனைக்கும் சேர்த்து அனுப்பிவிட்டு, "மேடம், கருவேலத்தை வேரோடு எடுக்க எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். ஓவர்சியர் சார் சொன்னபடி ஆள் வைத்துச் செய்ததில் செலவும் 24,000-க்குள் நின்றது. கிராம சபைக்குப் பதினான்கு பேர் போனோம். சாலைக் குழாயைத் தாங்களே எடுப்பதாகத் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள், ஆள் இன்னும் வரவில்லை.

சாய்வு விஷயம் கொலுவுக்கு முன்பே முடிந்தது. கம்பிச் சட்டம் என்றதும், "இதை அந்த மேஸ்திரி ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று மேஸ்திரி மேல் கோபித்துக்கொண்டார். சட்டம் அவர் செலவு, உடைக்கும் கூலி சங்கத்துடையது. பட்டறையில் சொல்லியாகிவிட்டது. சுண்டலும் வந்தது, காராமணி.

இப்போது புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. 78-ஆம் மனையில் மூன்று கல்தான் கிடைத்தது. நான்காவது மூலையில் பக்கத்து வீட்டு காம்பவுண்டு நிற்கிறது, பார்வைக்கு ஒன்றரை அடி உள்ளே வந்த மாதிரி இருக்கிறது. மனைக்காரர் கும்பகோணத்தில் இருக்கும் வயதான ஆசிரியர். மூன்று படம் மட்டும் போனதும் போன் போட்டு, "இன்னொரு கல் எங்கே அம்மா?" என்கிறார். வீட்டுக்காரரோ எங்கள் சங்கத்துப் பொருளாளர். நான் என்ன சொல்வது?


வில்லங்கம் பார்ப்பவன் எழுதியது:

"ஒன்றரை அடி" என்று நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள், எழுத்திலும் போடாதீர்கள். கல் கண்ணில் படவில்லை என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரிந்தது. அளக்க வேண்டியது அரசு சர்வேயர். மனைக்காரர் தன் பட்டாவை வைத்து, அத்து (எல்லை) காட்டித் தரச் சொல்லி மனு போடட்டும். இப்போது ஆன்லைனிலும் போடலாம், கும்பகோணத்திலிருந்தே முடியும். சர்வேயர் வரும் நாளில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்க வேண்டும். சங்கம் டீ வாங்கிக் கொடுத்தால் போதும். மழை தொடங்கிவிட்டால் தேதி தள்ளிப்போகும், அதனால் ஆசிரியரை இந்த வாரமே மனு போடச் சொல்லுங்கள்.