புதுப்பிப்பு: அம்மாவோட தலைசுத்தல், கிளினிக் போயிட்டு வந்தாச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, அம்மாவுக்கு படுக்கையில புரண்டாலே வீடே சுத்துது, முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு என்ன ரெடி பண்ணனும்னு. நேத்து போயிட்டு வந்தோம். நீங்க சொன்ன மாதிரி ஒரு நோட்டுல எப்ப சுத்துச்சு, எவ்வளவு நேரம், அப்ப என்ன பண்ணிட்டிருந்தாங்க, காதுல இரைச்சல் வாந்தி இருந்துச்சான்னு எழுதி வச்சதுதான் ரொம்ப உதவுச்சு, டாக்டர் முதல்ல கேட்டதே அதான், ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடுதா இல்ல மணிக்கணக்கா இருக்கான்னு.

தலைசுத்தலுக்கு போடுற மாத்திரை டெஸ்ட் ரிசல்ட்ட மாத்திக் காட்டலாமாம், முன்னாடியே கிளினிக்குக்கு போன் பண்ணதுல அத 2 நாள் நிறுத்த சொன்னாங்க, ஆனா பிரஷர் மாத்திரை கண்டிப்பா போடணும்னாங்க. தயவுசெஞ்சு நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, கேட்டுட்டு செய்ங்க. கண்ணு மையும் வேணாம், கண்ணு ஆடுறத கேமராவுல பாக்குறாங்க. காலைல லேசா ரெண்டே இட்லிதான் சாப்பிட்டாங்க.

டிக்ஸ்-ஹால்பைக்னு ஒரு டெஸ்ட், தலைய ஒரு பக்கம் திருப்பி டக்குனு படுக்க வச்சாங்க, அம்மா என் கைய இறுக்கி பிடிச்சுக்கிட்டாங்க, பாவமா இருந்துச்சு. உள்காதுல இருக்குற சின்ன கால்சியம் துகள் இடம் மாறிடுச்சாம், தலைய அசைச்சா சுத்துற இந்த பிரச்சனைக்கு பேரு பிபிபிவி (BPPV). அந்த துகள திரும்ப அதோட இடத்துக்கு கொண்டுபோக தலைய ஒவ்வொரு பக்கமா திருப்பி வைக்கிற எப்லி முறைய அங்கயே பண்ணிவிட்டாங்க. வரும்போது நடை தள்ளாடுச்சு, கூட ஒரு ஆள் இல்லாம போகாதீங்க. இன்னைக்கு காலைல அவங்களே எழுந்து காபி போட்டாங்க, அடுத்த வாரம் திரும்ப வர சொல்லிருக்காங்க.